சங்கரதாஸ் சுவாமிகள்: நாடக வாத்தியாரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பங்குனிப் பொங்கலுக்கு ‘வள்ளி திருமணம்’ போடாத வருஷம் எனக்கு நினைவில்லை. சாயங்காலமே பாயைக் கொண்டுபோய்ப் போட்டு இடம் பிடித்து, பபூன் வரும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருந்து, முருகன் வருவதற்குள் அம்மா மடியில் தூங்கிப்போகும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. யார் எழுதிய நாடகம் என்று கேட்டால் பெரியவர்கள் ‘எல்லாம் சாமிகள் பாடம்’ என்பார்கள். எந்தச் சாமி என்று அப்போது தெரியாது. பிறகு தேடிப் படித்ததையும், நடிகர்களிடம் கேட்டதையும் வைத்து, என்னிடம் பலர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

யார் இந்தச் சங்கரதாஸ் சுவாமிகள்?

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் சங்கரன். தந்தை தாமோதரக் கணக்கப்பிள்ளை தமிழ் படித்தவர், முதல் வாத்தியாரும் அவரே. ஏறத்தாழ 40 நாடகங்கள் எழுதினார். அவற்றை மேடையேற்றினார். மேடையேற்ற ஆள் வேண்டும் என்று சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவித்தார். 1922இல் புதுச்சேரியில் காலமானார். தமிழ் நாடக உலகம் இன்றும் அவரைத் ‘தலைமை ஆசிரியர்’ என்றுதான் சொல்கிறது.

‘நாடக ஆசிரியர்’ என்றால் எழுதியவரா, சொல்லிக்கொடுத்தவரா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தமிழில் ‘ஆசிரியர்’ என்ற ஒரே சொல் நூலை எழுதியவருக்கும் பாடம் நடத்துபவருக்கும் பொருந்துகிறது. மற்றவர்களுக்கு இது இரண்டு வேலை. சுவாமிகளுக்கு ஒரே வேலை.

பாடப்புத்தகங்களில் அவரை நாடகம் எழுதியவராக மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா, சதி சுலோசனா, சாரங்கதாரா, பிரகலாதன் என்று ஒரு பட்டியல், அதோடு முடிந்தது. அவர் எழுதிய பாடலும் வசனமும் வாசிப்பதற்காக எழுதியவை அல்ல. எட்டு வயதுப் பையன் காதால் கேட்டு, வாயால் திருப்பிச் சொல்லி, ஆயிரம் பேர் முன்னால் மூச்சு வாங்காமல் பாடுவதற்காக எழுதியவை. அந்தப் பையனை நினைத்துக்கொண்டு படித்தால்தான் அவை பிடிபடும். புத்தகமாக வாசித்துவிட்டு ‘பழைய நடை’ என்று தள்ளிவைப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

உப்பளத்தில் கணக்கு எழுதியவர் நாடகத்துக்கு வந்தது எப்படி?

தமிழின் வழியாக. இளமையில் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். பின்னாளில் பெயர்பெற்ற உடுமலை முத்துசாமிக் கவிராயரும் அங்கே அவரோடு படித்தவர். வெண்பா, கலித்துறை, வண்ணம், சந்தம் எல்லாம் கைவந்தன. ஊருக்குத் திரும்பி உப்பளத்தில் கணக்கு எழுதினார். மனம் ஒட்டவில்லை. 24ஆம் வயதில், 1891வாக்கில், நாடகத்துக்கு வந்துவிட்டார். நாடகக் கம்பெனிகளில் நடித்தார், நாடகத்தை நடத்திச்செல்லும் சூத்திரதாரராக இருந்தார், எழுதியும் கொடுத்தார்.

அந்தக் காலத்து மேடையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து. இன்னொரு பக்கம் மும்பைப் பக்கத்துப் பார்சி நாடகக் கம்பெனிகள் வண்ணத்திரை, ஆர்மோனியம், புது மெட்டு என்று வந்து ஊரையே மயக்கிக்கொண்டிருந்தன. பாட்டு மட்டும் எழுத்தில் இருக்கும், பேச்சை நடிகர்கள் அவரவர் வாய்க்கு வந்தபடி பேசிக்கொள்வார்கள். சுவாமிகள் இந்த இரண்டு பக்கத்திலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொண்டார். கூத்தின் கதைகள், பார்சி மெட்டுகள், தாம் படித்த இலக்கணம் எல்லாம் சேர்ந்தன. வசனத்தையும் எழுதி வரையறுத்தார். திருக்குறளும் நாலடியாரும் ராஜபார்ட் எனும் கதாநாயக வேஷக்காரர் வாயிலிருந்து சரளமாக வருவது அதனால்தான்.

நடிப்பதை ஏன் நிறுத்தினார்?

ஆள் ஓங்குதாங்காக இருப்பார், குரல் இடி மாதிரி. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் வேஷங்கள் அவருக்கென்றே அமைந்தவை. நாடக உலகில் வழிவழியாகச் சொல்லும் கதை இது. நளதமயந்தியில் சனீஸ்வரன் வேஷம் கட்டிய ஒரு நாள், விடியற்கருக்கலில் நாடகம் முடிந்து, மையும் எண்ணெயும் அப்பிய முகத்தோடு கழுவுவதற்காக நீர்நிலைக்குப் போயிருக்கிறார். எதிரில் வந்த கர்ப்பிணிப் பெண் அந்தக் கோலத்தைப் பார்த்து அலறி விழுந்தாள், கரு கலைந்துவிட்டது என்பார்கள். எமன் வேஷத்தைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தது என்றும் சொல்வதுண்டு. அதன் பிறகு வேஷம் கட்டுவதில்லை என்று முடிவெடுத்தாராம்.

நான் பேசிய மூத்த நடிகர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். நடிப்பு என்பது எவ்வளவு கனமான பொருள், கைதவறினால் என்ன ஆகும் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல அவர்களிடம் இருக்கும் கதை இது. அப்படித்தான் நானும் இதை எடுத்துக்கொள்கிறேன்.

உண்மையிலேயே துறவியா?

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இடையில் நாடகத்தையே விட்டுவிட்டு, முருகன் தலங்களாகச் சுற்றித் திரிந்தார். ‘சுவாமிகள்’ என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான். அவரைப் புதுக்கோட்டையில் பிடித்து நிறுத்தியவர் மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த லய மேதை. சுவாமிகளைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வைத்து ஆதரித்து, மறுபடி நாடகத்துக்குத் திருப்பிவிட்டார். தாளக் கணக்கில் சுவாமிகளுக்கு இருந்த பிடிமானத்தில் அந்த வீட்டுக்கும் பங்கு உண்டு.

ஏன் சிறுவர்களை வைத்து நாடகம் போட்டார்?

பெரிய நடிகர்களோடு பட்ட பாடுதான் காரணம். பெயர் வந்துவிட்ட ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட் எனும் பெண் வேஷக்காரரும் மேடையில் ஒருவரை ஒருவர் மடக்குவதிலேயே குறியாக இருப்பார்கள். கதை எங்கோ கிடக்கும், இவர்கள் போட்டி விடியும்வரை நடக்கும். நேரத்துக்கு வருவதில்லை, எழுதிக் கொடுத்ததைச் சொல்வதில்லை. ஜனங்கள் அந்தப் போட்டியை ரசித்தார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் எழுதியவருக்கு அது வலிக்கும் அல்லவா?

பிள்ளைகளிடம் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். செங்கோட்டை கிட்டப்பாவும் அவருடைய சகோதரர்களும் அங்கே பயின்றவர்கள். பிறகு 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. மீனலோசனி என்றால் மீனாட்சிதான். டி. கே. எஸ். சகோதரர்கள் என்று நாம் அறியும் நால்வரில் சங்கரன், முத்துசாமி, சண்முகம் மூவரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது 6 வயது.

எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?

‘பாடம் கொடுப்பது’ என்பதுதான் கம்பெனிச் சொல். நடிப்புச் சொல்லிக்கொடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. இன்றைக்கும் ஒரு நடிகர் இன்னொருவரை மெச்சினால் ‘நல்ல பாடம் உள்ள ஆளு’ என்கிறார்.

பாடம் முதலில் காதுக்குப் போகும். வாத்தியார் சொல்வார், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராத வயது. நெட்டுருப் போட்டதுக்குப் பிறகுதான் மெட்டு, அதற்குப் பிறகுதான் தாளம். கை எங்கே போகவேண்டும், கண் எங்கே பார்க்கவேண்டும் என்பதெல்லாம் கடைசி. இன்றைய ஆளுக்கு இது தலைகீழாகத் தெரியும். முதலில் உணர்ச்சி, பிறகு வார்த்தை என்றுதானே சொல்லிக்கொடுக்கிறார்கள்?

ஆனால் அவர் எழுதியதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். கோபம் வரும் இடத்தில் சந்தம் குறுகிக்கொண்டே வரும், வல்லினம் அடுக்கடுக்காக விழும், மூச்சு தானாக ஏறும். ஒப்பாரி வரும் இடத்தில் அடி நீண்டு, நெடிலில் போய் நிற்கும். உணர்ச்சியைப் பையன் எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை, அது பாட்டின் யாப்பிலேயே இருக்கிறது. ஒழுங்காகச் சொன்னால் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிடும். இலக்கணம் படித்த ஒருவர் நடிப்பு வாத்தியாராக இருந்ததன் பலன் இது. அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்று நான் நினைப்பதும் இதைத்தான்.

குரலும் அப்படித்தான். அன்றைக்கு மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ‘ழ’கரம் ‘ழ’கரமாகக் கேட்கவேண்டும். கிட்டப்பாவின் குரல் அந்தக் கட்டையில், அதாவது உயர்ந்த சுருதியில், நின்று ஒவ்வொரு சொல்லையும் முழுசாக விட்டதற்குப் பிறவிக் கொடை பாதி, இந்தப் பயிற்சி பாதி.

ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதினார் என்பது உண்மையா?

அபிமன்யு சுந்தரியைச் சொல்கிறீர்கள். இதைப் பதிவு செய்தவர் டி. கே. சண்முகமே. சிறுவன் சண்முகம் முக்கிய வேஷம் ஏற்க வேண்டும் என்பதற்காகச் சுவாமிகள் இரவு உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருக்கிறார். பிள்ளைகள் காலையில் எழுந்தபோது நான்கு மணி நேரம் நடக்கக்கூடிய நாடகம், பாட்டும் வசனமுமாக முடிந்திருந்தது.

வேகத்தை வியப்பவர்கள் அதிகம். எனக்கு வேறு ஒன்று படுகிறது. பையனுடைய குரல் எந்த இடத்தில் ஏறும், எந்தச் சொல் அவன் நாக்கில் தங்கும் என்பது அவருக்கு அத்துபடி. நல்ல தையற்காரர் ஆளைப் பார்த்தே துணி வெட்டுவது மாதிரி. பிள்ளைகளோடு ராப்பகலாக இருந்ததால் வந்தது அது.

‘மாபாவியோர் வாழும் மதுரை’ கதை என்ன?

நடிகர்கள் விரும்பிச் சொல்லும் கதை. கோவலன் நாடகத்தில், சிலம்பு விற்கக் கிளம்பும் கணவனிடம் கண்ணகி, மாபாவியோர் கூடி வாழும் மதுரைக்குப் போகவேண்டாம் என்று பாடுவாள். மதுரையில் நாடகம் நடந்தபோது ஊரார் கொதித்துவிட்டார்களாம். எங்கள் ஊரில் வந்து எங்களையே மாபாவி என்பதா என்று. சுவாமிகள் மேடைக்கு வந்து நிதானமாகப் பொருள் சொன்னார்: மா என்றால் திருமகள், பா என்றால் கலைமகள், வி என்றால் மலைமகள். மூவரும் கூடி வாழும் மதுரை என்றல்லவா பாடியிருக்கிறேன்! கூச்சல் போட்டவர்களே கைதட்டினார்களாம்.

சமாளிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் ஊர்க்கோபத்தைச் சொல்லைப் பிரித்தே தணித்திருக்கிறாரே! மேடையில் மாட்டிக்கொண்டால் தமிழ் காப்பாற்றும் என்பதையும் பிள்ளைகள் அன்றைக்குப் பாடமாகக் கேட்டிருப்பார்கள்.

பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் கஷ்டப்பட்டார்கள் என்கிறார்களே?

பட்டார்கள். இதை மறைத்துச் சுவாமிகளுக்குப் பெருமை சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

சிறுவர்களையே நடிகர்களாக வைத்த இந்தக் கம்பெனிகளுக்கு ஐந்து, ஆறு வயதில் தாயைப் பிரிந்து வந்த பிள்ளைகள். பெரும்பாலும் வீட்டில் சோற்றுக்கு வழியில்லாததால் கொண்டுவந்து விட்டவர்கள். இத்தனை வருஷம் கம்பெனியில் இருக்கவேண்டும் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். விடிய விடிய நாடகம், பகலில் பாடம், ஊர் ஊராக மூட்டைமுடிச்சோடு பயணம். பிரம்படி சகஜம். தப்பி ஓடியவர்கள் உண்டு. பின்னாளில் பெரிய பெயர் எடுத்த நடிகர்கள் பலர் கம்பெனிப் பசியைப் பற்றிப் பேசும்போது சிரித்துக்கொண்டே பேசினாலும், அந்தச் சிரிப்புக்குள் அழுகை இருக்கிறது.

அதே கம்பெனிதான் அவர்களுக்குச் சோறும் போட்டது, எழுத்தும் சொல்லிக்கொடுத்தது. சுவாமிகள் கண்டிப்பானவர், அதே அளவு பாசமானவர் என்பது அவரிடம் வளர்ந்த சண்முகத்தின் எழுத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனாலும் இன்றைக்கு ஒரு குழந்தையை அப்படி விட நாம் சம்மதிப்போமா? நான் மாட்டேன்.

மகரக்கட்டு என்றால் என்ன?

பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடைவது. கம்பெனிப் பையன் ஒவ்வொருவனும் பயந்த சொல் இது. நேற்றுவரை சாவித்திரியாகப் பாடி ஊரை அழவைத்தவன், இன்றைக்குத் தொண்டை கரகரத்து மூலையில் உட்கார்ந்திருப்பான். குரல் திரும்பி நன்றாக வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் சில்லறை வேஷம், திரை இழுக்கும் வேலை, அல்லது ஊருக்கு டிக்கெட். எத்தனை நல்ல குரல்கள் அந்த வயதோடு பெயரில்லாமல் போயின என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

ஒத்திகையே இல்லாமல் இன்றைக்கும் நாடகம் நடக்கிறதாமே, எப்படி?

இதைத்தான் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்கிறோம். சுவாமிகளின் பயிற்சி எவ்வளவு ஆழமானது என்பதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி.

திருவிழா கமிட்டி ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாக ஏற்பாடு செய்யும். முருகன் மதுரையிலிருந்து, வள்ளி புதுக்கோட்டையிலிருந்து, நாரதர் திண்டுக்கல் பக்கத்திலிருந்து, ஆர்மோனியம் பின்பாட்டு வேறொரு ஊரிலிருந்து. நோட்டீசில் எல்லாருடைய படமும் ஊர்ப் பெயரும் இருக்கும். அவர்களில் சிலர் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்கவே மாட்டார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பந்தலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சந்திப்பார்கள்.

ஒரு முறை அந்தக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க வாய்த்தது. ஒரு குண்டு பல்பு, தகரப் பெட்டி மேல் சாய்த்துவைத்த கண்ணாடி. வள்ளி வேஷக்கார அக்கா கொண்டையில் பூச்சுற்றிக்கொண்டே நாரதர் வேஷக்காரரைப் பார்த்து, ‘அண்ணே, உங்களுக்கு எத்தனை கட்டை?’ என்றார். அவர் ஒரு விரலை மடக்கிக் காட்டினார். ‘தர்க்கம் எதுவரைக்கும் போறீங்க?’ ‘கூட்டத்தப் பாத்துக்குவோம்மா.’ அவ்வளவுதான் ஒத்திகை. பிறகு மேடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருவரும் பாட்டுக்குப் பாட்டு, வசனத்துக்கு வசனம் மோதினார்கள். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. வள்ளியின் முதல் அடி திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோதே, அவர் முகத்தைக் காணும் முன்பே கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

இருவருக்கும் பொதுவாக இருந்தது பாடம். அவர் வாத்தியாருக்கு அவருடைய வாத்தியார், அவருக்கு இன்னொருவர் என்று பின்னோக்கிப் போனால் சுவாமிகளிடம் போய் நிற்கும். இடையில் சினிமாப் பாட்டு வந்திருக்கிறது, பபூன் நகைச்சுவை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது, நடிகர்கள் தங்கள் சொந்தச் சரக்கையும் சேர்த்திருக்கிறார்கள். எலும்புக்கூடு அவருடையது.

பெரிய நடிகர்கள் பாடத்தை மீறுகிறார்கள் என்று மனம் நொந்துதானே பிள்ளைகளிடம் போனார்? அதே தர்க்கப் போட்டிதான் இன்றைக்கு அவர் பாடத்தின் மேலேயே நடக்கிறது. அவர் பார்த்தால் கோபப்பட்டிருப்பாரா, மகிழ்ந்திருப்பாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

பெண்கள் எப்போது வந்தார்கள்?

சுவாமிகள் காலத்திலேயே பெண்கள் மேடையில் இருந்தார்கள். பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்தியவர். சுவாமிகளின் சபைகளில் மட்டும் ஸ்திரீபார்ட்டும் பையன்களே. அவருக்குப் பிறகு ஸ்பெஷல் நாடகத்தில் கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் சேர்ந்து பாடியபோது அந்தப் பாட்டுகளின் வீச்சே வேறாகிவிட்டது. இன்றைக்கு ஸ்பெஷல் நாடகம் பெண்கள் இல்லாமல் கிடையாது. மேடையில் தெய்வமாகக் கும்பிடும் ஊர், இறங்கியதும் அவர்களைப் பேசும் பேச்சு வேறு. இது மாறவே இல்லை.

சினிமாவில் அவர் கை எங்கே தெரிகிறது?

பேசும்படம் வந்த ஆரம்ப ஆண்டுகளில் எதை எடுப்பது என்று யாரும் தலையைச் சொறியவில்லை. மேடையில் ஓடிக்கொண்டிருந்ததையே எடுத்தார்கள். 1933இல் வள்ளி திருமணம், 1934இல் எம். கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான பவளக்கொடி. ‘காயாத கானகத்தே’ பாட்டை டி. ஆர். மகாலிங்கம் 1945இல் ஸ்ரீவள்ளி படத்தில் பாடியபோது அது வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. பாட்டு சுவாமிகளுடையது என்று கேட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

நடிகர் வழி இன்னும் நீளமானது. அவருடைய மாணவர் சண்முகம் சகோதரர்களோடு 1925இல் தனிச் சபை தொடங்கினார். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அந்தச் சபையில் வளர்ந்தவர். ஔவையாராக வேஷம் கட்டிப் புகழ்பெற்றதால் சண்முகம் ‘அவ்வை சண்முகம்’ ஆனார். சிறுவன் கமல்ஹாசன் அவரிடம் நாடகம் பயின்றார். 1996இல் தாம் பெண் வேஷம் போட்ட படத்துக்குக் கமல் வைத்த ‘அவ்வை சண்முகி’ என்ற பெயர் அந்த வாத்தியாருக்குச் செய்த மரியாதை. சென்னையில் அவ்வை சண்முகம் சாலையில் போகிறவர்களுக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் காட்டுநாயக்கன்பட்டிக்காரர் ஒருவர் நிற்பது தெரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

எம். ஜி. ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், சிவாஜி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில். இவர்கள் சுவாமிகளிடம் நேரில் படித்தவர்கள் அல்லர். ஆனால் அவர் வேரூன்றவைத்த அந்தப் பாய்ஸ் கம்பெனி முறைதான் இவர்களையும் வளர்த்தது. மூச்சு விடாமல் நீள வசனத்தைச் சிவாஜி சொல்லும்போது, பாடம் கொடுக்கும் அந்தப் பழைய அறை எனக்குக் கேட்கும்.

இலங்கையில் இந்த மரபு உண்டா?

உண்டு, நன்றாகவே உண்டு. தமிழகக் கம்பெனிகளும் ஸ்பெஷல் நடிகர்களும் கப்பலேறிப் போய் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆடினார்கள். அங்கே இது ‘இசை நாடகம்’ என்ற பெயரில் வேர்விட்டது. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து ‘மயான காண்ட’த்தில் அரிச்சந்திரனாக நின்று பாடியதை யாழ்ப்பாணத்தார் இன்றும் உருக்கமாகச் சொல்வார்கள்.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியோடு ஒப்பிடலாமா?

இருவரும் ஒரே தலைமுறை. ரஷ்ய நாடக இயக்குநரும் நடிப்பு ஆசிரியருமான அவர் 1863இல் பிறந்தவர், 1898இல் மாஸ்கோ கலை அரங்கத்தைத் தொடங்கினார். இருவருக்கும் எரிச்சல் மூட்டியது ஒன்றுதான்: மேடையில் தன்னை மட்டும் காட்டிக்கொள்ளும் நடிகன். மருந்துதான் வேறு வேறு. அவர் நடிகனைத் தன் மனத்துக்குள் அனுப்பினார், இவர் சொல்லுக்குள் அனுப்பினார். அந்த முறைக்குப் புத்தகங்கள் இருப்பதால் உலகம் முழுக்கப் போனது. சுவாமிகள் தம் முறையை எழுதிவைக்கவில்லை. நாம் அதை மாணவர் சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’யிலிருந்தும், வாழும் நடிகர்களின் வாயிலிருந்தும்தான் தேடி எடுக்கவேண்டியிருக்கிறது. ஒருவர் பெரியவர் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நம் நடிப்புப் பட்டறைகளில் அவருக்கு ஒரு வாரம் ஒதுக்கினால் இவருக்கு ஒரு நாளாவது ஒதுக்குங்கள் என்பேன்.

பம்மல் சம்பந்த முதலியாரோடு போட்டியா?

போட்டி என்று சொல்ல மாட்டேன். சுவாமிகள் நாடகத்துக்கு வந்த அதே 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் பம்மல். அங்கே நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும், பேச்சு வசனம்தான் அவர்கள் பலம். இங்கே நடித்தவர்கள் நாடகத்தாலேயே வயிறு வளர்க்க வேண்டியவர்கள். இரண்டும் தேவைப்பட்டன.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

பக்கவாதம் வந்து பேச்சும் கைகாலும் முடங்கிப்போயின. சொல்லையே ஆயுதமாக வைத்திருந்தவருக்குச் சொல் போய்விட்டது. அப்படியும் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. கம்பெனி போன ஊருக்கெல்லாம் கூடவே போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் உயிர் பிரிந்தது, வயது 55. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் நாடகக்காரர்கள் அங்கே வந்து குருபூஜை செய்கிறார்கள்.

அவர் பெயரில் என்னென்ன இருக்கின்றன?

மதுரை தமுக்கம் மைதானத்தின் முன்னால் சிலை இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். சென்னையில் நடிகர் சங்கத்தின் பழைய கலையரங்கத்துக்கும் அவர் பெயர் இருந்தது. மதுரை, புதுக்கோட்டை நாடக நடிகர் சங்கங்களில் அவர் படத்துக்கு மாலை போடாமல் எந்தக் காரியமும் தொடங்குவதில்லை.

முதல் தடவை ‘வள்ளி திருமணம்’ பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்கலாம்?

பங்குனியிலிருந்து ஆடிவரை மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா நோட்டீஸ்களைப் பார்த்துக்கொண்டிருங்கள். கட்டணம் கிடையாது. பத்து மணிக்கு ஆர்மோனியக்காரர் பாடி முடித்ததும் பபூன் வருவார். கதை நடுராத்திரிக்கு மேல்தான் தொடங்கும், அதற்குள் கிளம்பிவிடாதீர்கள். பாயும் போர்வையும் கொண்டுபோங்கள், பனி இறங்கும். ஆர்மோனியம் பக்கமாக இடம் பிடித்தால் நல்லது. வள்ளி, தினைப்புனத்தில் பறவை விரட்டும் ஆலோலம் பாடத் தொடங்கும்போது மேடையை மட்டும் பார்க்காமல் ஒரு தடவை திரும்பி, முன்வரிசைக் கிழவிகளைப் பாருங்கள். வள்ளியோடு சேர்ந்து, சத்தமில்லாமல், சொல் பிசகாமல் அவர்கள் உதடும் அசைந்துகொண்டிருக்கும்.